சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு சாலை

வழக்கமாக ஒரு நிமிடம் பத்து விநாடியில் திறந்துவிடும் மேப், அன்றைக்கு நான்கு நிமிடமாகியும் திறக்கவில்லை.

பெருந்தேவிக்கு அந்த ஒரு நிமிடம் பத்து விநாடி பழகிப்போயிருந்தது. மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, வீட்டுப் பூட்டைத் திறந்து, கைகால் கழுவி, காபி கலந்துகொண்டு அஸ்வத்தின் அறையில் அவன் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போடுவாள். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகரும். அது முடிவதற்குள் காபி குடிக்கிற சூட்டுக்கு வந்திருக்கும். ஒன்றரை வருஷமாக இப்படித்தான். அன்று கோடு பாதியில் நின்றது. பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் எதையோ பிராண்டுவது போலக் கரகரத்துக்கொண்டே இருந்தது. காபியில் ஆடை படர்ந்தது. கடைசியில் திரை கறுத்து, மெமரி போதவில்லை என்று ஒரு வரி வந்தது.

அஸ்வத் அவளுடைய தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள்தான் அவனைப் படிக்கவைத்தாள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றோடு, நாமே புதிய இடங்களைக் கட்டிக்கொள்ள ஒரு கருவியும் வந்திருந்தது. அவன் சண்டை போட்டதே இல்லை. கட்டிக்கொண்டே இருந்தான். அப்படிக் கட்டியதற்குத்தான் மேப் என்று பெயர். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையை, வாசல் பீரங்கிகளிலிருந்து உள்ளே இருக்கும் கல்லறைகள் வரை, செங்கல் செங்கலாகக் கட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அளவு நாடாவோடு பஸ் ஏறிவிடுவான். இரண்டாயிரத்து ஆறு மே மாதம், கடலைப் பார்த்திருக்கும் பின்சுவரை அளக்கப் போனவன் திரும்பவில்லை. மணலில் செருப்பும் பையும் கிடந்தன. உடல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அவள் அந்தக் கோட்டைக்குள் போய்வந்தாள். ஆளில்லாத முற்றம். அவன் டேப்பில் பதிவு செய்து சேர்த்த அலைச் சத்தம். சுவரைத் தாண்டினால் வெள்ளை. அவன் கட்டாமல் விட்ட இடமெல்லாம் வெறும் வெள்ளை. அதன் விளிம்பு வரை நடந்து, சற்று நின்று, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவாள்.

அன்று ஃபைலின் அளவைப் பார்த்தாள். நாற்பத்தோரு எம்.பி. இருந்தது அறுபத்துமூன்றாகியிருந்தது. கடைசியாக மாற்றிய நேரம், நேற்று மாலை ஐந்து நாற்பது. நேற்று ஐந்து நாற்பதுக்கு அவள் சிங்கப்பெருமாள்கோயில் ரயில்வே கேட்டில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தாள். வீடு பூட்டியிருந்தது. சுவர் சுவிட்ச் அணைத்திருந்தது.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினான்கு வருஷ வேலை. அளவு தப்பினால் காரணம் இருக்கும் என்று நம்பிப் பழகியவள். கடிகார பேட்டரி தீர்ந்திருக்கும், ஃபைல் கெட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அன்றிரவு அஸ்வத்தின் அறைக் கதவை வெளியிலிருந்து தாழிட்டுவிட்டுப் படுத்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் தேவாவைக் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடை அவனுடையது. முப்பது வயது, சொந்த ஊர் சதுரங்கப்பட்டினம். அஸ்வத் பாதி நாள் அவன் கடையில்தான் கிடப்பான். அஸ்வத் காணாமல் போனபோது தேவாவின் மாமா பூவராகவன்தான் போட்டை எடுத்துக்கொண்டு மூன்று நாள் தேடினார்.

"இன்னாக்கா, இத்தினி நாளா ஒண்ணும் கேக்காத பொட்டி இப்ப இன்னாத்துக்கு ராம் மெமரி கேக்குது?" என்றான் தேவா, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக்கொண்டே.

"மேப் திறக்கலை, தேவா."

"இருநூத்தம்பத்தாறு எம்.பி. தான் கீது. ஒரு ஜி.பி. போட்டுர்றேன். கடியார பேட்டரியும் மாத்திட்டா தேதி கொழம்பாது."

அவன் போன பிறகு மேப் திறந்தது. கோட்டை வாசலுக்கு வெளியே, இத்தனை நாள் வெள்ளையாக இருந்த இடத்தில், ஒரு தார்ச்சாலை இருந்தது.

அவள் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். ஓரத்தில் பனைமரங்கள். உடைந்த மதகு. மஞ்சள் தலை வைத்த ஒரு மைல்கல், அதில் செங்கல்பட்டு 30 என்று கறுப்பு எழுத்து. இருபது அடி தள்ளி மறுபடியும் வெள்ளை. அவன் எப்போதோ கட்டி மறைத்துவைத்த பகுதி, மெமரி கூடியதும் இப்போதுதான் திறந்திருக்கிறது என்று நினைத்தாள். அழுதாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு பசித்து இரண்டு வேளைக்கான சோற்றைச் சாப்பிட்டாள்.

மறுநாள் சாலை புதுப்பட்டினம் தாண்டியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்.

கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டு சகுந்தலா, "என்ன பெருந்தேவி, முகமே மாறிடுச்சு, எதாவது நல்ல சேதியா?" என்று கேட்டபோது சிரித்து மழுப்பினாள். ஐந்தரைக்கு பஸ் கிளம்பினால் போதும் என்றிருந்தது. வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்து, ஆளில்லாத அந்தச் சாலையில் தனியாக நடப்பாள். டீக்கடை இருந்தது, பெஞ்சில் ஆளில்லை. பஸ் நிழற்குடை இருந்தது, பஸ் வராது. வெயில் ஒரே சாய்வில் விழுந்துகிடந்தது. ஆனாலும் யாரோ தனக்காகத் தினம் இன்னும் கொஞ்சம் சாலை போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது, பூட்டிய வீட்டுக்குத் திரும்பிவருகிறவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. அலைச் சத்தத்தை அஸ்வத் கடலைப் பார்த்த பின்சுவர் ஓரத்தில் மட்டும் வைத்திருந்தான். கோட்டை முற்றத்துக்கு வந்தாலே அது தேய்ந்துவிடும். இப்போது கடலைவிட்டு எத்தனை கிலோமீட்டர் வந்தாலும் தேயவில்லை. திருக்கழுக்குன்றத்து மலையடிவாரத்தில் நிற்கும்போதும், குளக்கரையில் நிற்கும்போதும், பத்தடி தூரத்தில் அலை உருண்டு உடைந்தது.

மலையைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் திணறத் தொடங்கியது. படம் விட்டுவிட்டு நகர்ந்தது. பழைய கிராபிக்ஸ் கார்டால் தூரத்தில் இருப்பதை வரைய முடியவில்லை. பதினைந்து அடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளைப் புகை. சனிக்கிழமை மாலை தேவாவின் கடைக்குப் போனாள்.

அவன் இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கண்ணாடி மேல் வைத்தான். "இப்ப வர்ற நல்ல கார்டெல்லாம் புது ஸ்லாட்டுக்கா. உங்க போர்டு பழசு, ஏ.ஜி.பி. ஸ்லாட்டுதான். அதுல பெருசுன்னா இந்த ரெண்டுதான் கீது. இது நூத்தி இருபத்தெட்டு எம்.பி. ஃபேன் கெடையாது, அலுமினியத் தகடுதான், சத்தமே வராது. இப்ப கரண்ட் குடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பொட்டியே தாங்கும். அது இருநூத்தம்பத்தாறு. ஃபேன் வச்சது, சூடாவும், தனியா கரண்ட் ஒயர் வேணும். எஸ்.எம்.பி.எஸ்.சையும் மாத்தணும். உங்களுக்கு இதே போதும்."

"இது எவ்வளவு தூரம் காட்டும்?"

தேவா சிரித்தான். "எல்லாரும் எவ்ளோ ஸ்பீடுன்னுதான் கேப்பாங்க. தூரம் கேட்டது நீங்கதான்."

"எனக்குத் தூரம்தான் வேணும். எது நிறையக் காட்டும்?"

"பெருசுதான். ஆனா இன்னாத்துக்குக்கா? அஸ்வத்து கோட்டைய மட்டும்தானே கட்டிகினு இருந்தான்? அதுக்கு இருக்கிறதே மிச்சம்."

அவள் சொன்னாள். சாலை, மதகு, மைல்கல், ஃபைலில் தினமும் மாறுகிற நேரம், எல்லாவற்றையும். தேவா பெரிய கார்டின் பெட்டியைக் கண்ணாடி மேலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தான்.

"வாணாம்கா. அந்த ஃபைலை அழிச்சுருங்க."

"அவன் செஞ்சது அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு."

"எங்க மாமா மூணு நாள் தேடினாரு. மூணாம் நாள் ராத்திரி வூட்டுக்கு வந்து, இனிமே அந்தப் பையன் பேரைக் கரையில நின்னு கூப்புடாதீங்கன்னு எங்க எல்லார் கையிலயும் சொன்னாரு. இன்னா பாத்தாருன்னு இன்னி வரைக்கும் சொல்லல. நீங்க தெனம் சாயங்காலம் அந்தக் கரையிலதான் போய் நின்னுகினு கீறீங்க."

"என் தம்பி வீட்டுக்கு வரான்னா, நான் கதவைச் சாத்தணுமா தேவா?"

"வர்றது அவந்தான்னு யாருக்கா சொன்னா?"

அவள் அலமாரியைக் காட்டினாள். பெரியதைத்தான் காட்டினாள். தேவா அந்தப் பெட்டியை மறுபடி கீழே இறக்கி வைத்துவிட்டு, "நாளைக்கு நானே வந்து மாட்டறேன். தனியாப் போடாதீங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஐப்பசி அடைமழை, காற்றில்லாமல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. மதியம் தேவா நனைந்துகொண்டே வந்தான். இரும்புத் தகட்டைத் தொட்டுக் கையிலிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.சை மாற்றினான். பழைய கார்டை ஆட்டி ஆட்டி வெளியே உருவியவன், அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பொன்னிறக் கால்களின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான்.

"உப்பு," என்றான். "எங்க ஊர்ல பொட்டிங்க இப்டித்தான் போவும். செங்கல்பட்டுல ஏதுக்கா உப்புக் காத்து?"

புதிய கார்டைச் செருகி அழுத்தினான். 'டக்' என்று உட்கார்ந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் விசிறி பெருஞ்சத்தத்தோடு சுழன்று, பிறகு அடங்கி, மூக்கடைத்தவர் மூச்சு போல ஓர் ஓட்டத்துக்கு வந்தது.

மேப் திறந்தது. புகை விலகியது.

இவ்வளவு தூரத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. சாலை நெடுக, வளைவு வளைவாக, வயல்களும் ஏரியும் ரயில் பாதையும் தெரிந்தன. செங்கல்பட்டேதான். மணிக்கூண்டு மாதிரி நிற்கும் தண்ணீர்த் தொட்டி. மருந்துக் கடை. எல்லாம் கட்டி முடிந்திருந்தது. பழைய கார்டு காட்டாத இன்னொன்றையும் இது காட்டியது. தார்ச்சாலையின் நடுவே ஈரம். கால் தடம் இல்லை. ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு போனது போல, இரண்டடி அகலத்துக்கு, சாலையோடு வளைந்து வளைந்து வந்த ஒரே ஒரு தடம்.

தேவா மவுஸை வாங்கி அதன் பின்னாலேயே போனான். அது மேட்டுத் தெரு முனையில் திரும்பி நின்றிருந்தது. பெருந்தேவியின் வீடு அந்தத் தெருவில் ஆறாவது.

அவன் விளையாட்டை மூடி, ஃபைலின் நேரத்தைப் பார்த்தான். இரண்டு பதினேழு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு பதினெட்டு.

"கிளம்புங்கக்கா," என்றான். எழுந்து நின்றுவிட்டான். "இப்பவே. வூட்ல எங்க அம்மா ஆதியம்மா தனியாத்தான் கீது. ஒரு வாரம் வந்து இருங்க. பொட்டிய நான் எடுத்துனு போய் ஒடச்சுர்றேன்."

"நீ போ தேவா."

"அக்கா..."

"ஒன்றரை வருஷமா இந்த வீட்டுக்கு யாருமே வரலை. போப்பா."

அவன் ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுக்கவில்லை. வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மழையில் ஓடினான். அவள் கிரில் கேட்டைப் பூட்டினாள். கதவைத் தாழிட்டாள். கூடத்தில் ஓட்டை வழியே சொட்டிய இடத்தில் நீல வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். சொட்டு வாளியில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் சமையலறையில் நின்றாள். அஸ்வத்துக்குப் பிடிக்குமென்று நினைத்து ரவையை வறுக்க எடுத்தவள், அடுப்பைப் பற்றவைக்காமலே டப்பாவை மூடிவைத்தாள்.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விட்டுத் தெருவில் தவளைகள் கத்தின. வீட்டுக்குள் ஒரு வாடை. முதலில் ஈரச் சுவர் என்று நினைத்தாள். பிறகு, வலையை வெயிலில் உலர்த்தும்போது வருமே, அந்தக் கவிச்சி என்று தெரிந்தது. கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, அஸ்வத்தின் அறையில்தான் அது கனமாக இருந்தது. கம்ப்யூட்டரின் விசிறி சூடான காற்றோடு அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்தாள். மேப்பைத் திறந்தாள்.

மேட்டுத் தெரு. ஒன்று, இரண்டு, மூன்று. எதிர்வீட்டு லதாவின் ஸ்கூட்டர் மேல் போர்த்திய சாக்கு. நான்கு, ஐந்து. ஈரத் தடம் அவளுடைய கிரில் கேட்டின் அடியில் நுழைந்து உள்ளே போயிருந்தது. கேட் பூட்டியபடி இருந்தது. அவள் கேட்டின் ஊடே போனாள். கதவின் ஊடே போனாள். கூடம். அப்பாவின் படம், அம்மாவின் படம். தினசரி காலண்டரில் இன்றைய தேதி. தரையில் நீல வாளி.

அந்த வாளியை அவள் அங்கே வைத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

"அஸ்வத்?" என்றாள். ஒன்றரை வருஷமாகச் சத்தமாகச் சொல்லாத பெயர்.

அலை உருண்டு உடைந்தது. ஸ்பீக்கரின் பொத்தானைத் திருகி அணைத்தாள். அலை உருண்டு உடைந்தது.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் காட்சி நிற்கவில்லை. மெல்ல, தரையோடு தரையாக, கூடத்தைக் கடந்தது. சமையலறையைக் கடந்தது. அஸ்வத்தின் அறை வாசலுக்கு வந்தது. அங்கே சற்று உயர்ந்தது, தவழ்ந்து வந்தது எழுந்து நிற்பது போல.

உள்ளே வெள்ளை. இந்த அறை ஒன்றுதான் பாக்கி.

வெள்ளையில் முதலில் வாசற்படி வந்தது. பிறகு தரை. பிறகு கட்டில் கால். இரும்பு பீரோ. கீழே கிடந்த கார்டு பெட்டி, தேவா விட்டுப்போன ஸ்க்ரூ டிரைவர். வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் கண்ணில் என்ன வரிசையில் படுமோ அந்த வரிசையில். பிறகு மேஜை. பிறகு நாற்காலியின் முதுகு.

நாற்காலிக்கு மேலே ஒரு பின்னல் வந்தது.

அவளுடைய பின்னல். காலையில் வைத்த வாடிய டிசம்பர்ப் பூ. ரவிக்கையின் கழுத்து வளைவு. பிடரி மச்சம்.

வாசல் அவளுக்குப் பின்னால் இருந்தது. ஆறடி.

திரும்பக் கூடாது.

பின்னால் தரையில் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. வாளியில் இல்லை. இன்னொன்று. கிட்டத்தில்.

அவள் திரும்பவில்லை. கழுத்து நரம்பு வலிக்க வலிக்க நேராகவே உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்திருந்தாள்.

திரையில் இருந்தவள் திரும்பினாள்.

மெதுவாக. தோள் முதலில். பிறகு கன்னம். காது, தோடு, மூக்கு, சற்றே திறந்த வாய். நெற்றியில் பொட்டு. எல்லாம் சரியாக, அளவு தப்பாமல், அவளேதான்.

கண்கள் மட்டும் இல்லை. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று தோல். இன்னும் முடியாத இடம்.

திரையின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு கைகள் எழுந்தன. தண்ணீரில் ஊறி வெளுத்து, தோல் சுருங்கி, நகங்களில் பாசி அடைந்த கைகள். அஸ்வத்தின் விரல்கள் மெலிந்தவை. இவை அப்படி இல்லை. கைகள் அந்த முகத்தை இரண்டு பக்கமும் பதமாக ஏந்திக்கொண்டன. கட்டைவிரல்கள் விரிந்தன. கண்கள் வர வேண்டிய இரண்டு இடங்களை நோக்கி, அவசரமே இல்லாமல், வளைந்தன.

பெருந்தேவியின் இரண்டு இமைகளின் மேலும் ஒரே நேரத்தில் குளிர்ந்த ஈரம் பட்டது.